இருபத்தொன்பது நிமிட ஆல்பம்

வணக்கம்.

1986இல் வந்த ராக், மெட்டல் ஆல்பங்களில் எனக்குப் பிடித்த ஐந்தை வரிசைப்படுத்திப் பார்த்தேன். 1. மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 2. மெகாடெத்தின் 'பீஸ் செல்ஸ்' 3. அயர்ன் மெய்டனின் 'சம்வேர் இன் டைம்' 4. பான் ஜோவியின் 'ஸ்லிப்பரி வென் வெட்' 5. ஸ்லேயரின் 'ரெயின் இன் பிளட்'.

கடைசியில் இருப்பதை நண்பர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கோ முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் தவிர மற்ற எட்டும் ஒன்றுபோலவே கேட்கின்றன. அரை மணிக்குள் முடிந்தும் விடுகிறது. இதை எப்படி முழு ஆல்பம் என்பது? இன்னொன்று, என்னிடம் உள்ள 'பீஸ் செல்ஸ்' நண்பரிடம் உள்ளதுபோல் ஒலிக்கவில்லை. எது சரியான பதிப்பு?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

ஐந்தும் நல்ல தேர்வு. சண்டை வரிசையோடுதான். நான் ஐந்தாவதைத் தூக்கி முதலில் வைப்பேன்.

எட்டுப் பாட்டும் ஒன்றுபோலக் கேட்கிறது என்றால், போனில் பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிளில் கேட்கிறீர்களோ என்று சந்தேகம். 'ரெயின் இன் பிளட்' பத்துப் பாட்டுகளின் மூட்டை அல்ல. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குப் பதினான்கு நிமிடம் சொச்சம், அப்படி இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் 'ஆல்டர் ஆஃப் சாக்ரிஃபைஸ்' மூச்சு விடாமல் 'ஜீஸஸ் சேவ்ஸ்'க்குள் போய்விடும். இரண்டாம் பக்கத்தில் 'போஸ்ட்மார்ட்டம்' முடிகிற இடத்தில் மழையும் இடியும் தொடங்கும். இடிக்கு நடுவே டிரம்ஸ் மூன்று மூன்று அடியாக விழும். உங்களுக்குப் பிடித்த அந்தக் கடைசிப் பாட்டு 'ரெயினிங் பிளட்' பாதி பலத்தை அதற்கு முந்தைய பாட்டிடமிருந்துதான் வாங்குகிறது. ஷஃபிளை அணையுங்கள், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வையுங்கள், இடைவெளி விடாமல் ஓட்டும் கேப்லெஸ் வசதி இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் இந்த ஒட்டுகள் எல்லாம் அறுந்துபோகும்.

நீளம் குறைவு என்கிறீர்கள். அமெரிக்காவில் வந்த கேசட்டில் முழு ஆல்பத்தையும் ஒரே பக்கத்தில் அடக்கி, மறுபக்கத்தில் அதையே திரும்பப் போட்டார்கள்!

நான் முதலிடம் கொடுக்கக் காரணம் வேகம் இல்லை. வேகத்துக்கு ஏற்ற ஒலிப்பதிவு. ஒரு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 210 அடி என்று வைத்துக்கொண்டால், ஒரு அடியை நான்காகப் பிரித்து வாசிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் கிடைப்பது சுமார் 71 மில்லிசெகண்ட். அன்றைய நாகரிகப்படி டிரம்ஸ் மேல் ஒன்றரை விநாடி ரிவெர்ப், அதாவது எதிரொலி, ஊற்றினால், ஒரு அடியின் வால் அடங்குவதற்குள் இன்னும் இருபது சுரம் வந்துவிடும். எல்லாம் சேர்ந்து கூழாகும். வேகமான மெட்டல் பதிவுகள் நிறைய இப்படித்தான் கெட்டன. தயாரிப்பாளர் ரிக் ரூபினும் ஒலிப்பதிவாளர் ஆண்டி வாலஸும் ரிவெர்பைக் கிட்டத்தட்டத் துடைத்தே எடுத்துவிட்டார்கள். அதனால்தான் முதல் பாட்டான 'ஏஞ்சல் ஆஃப் டெத்' முடிவை நெருங்கும்போது டிரம்மர் டேவ் லொம்பார்டோ தனியாக இரண்டு கால்களாலும் பேஸ் டிரம்மை உருட்டுகிற இடத்தில், ஒவ்வொரு உதையையும் தனித்தனியாக எண்ண முடிகிறது. உங்களுக்கு அலுப்புத் தட்டுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். காது சாய்ந்துகொள்ள எதிரொலியே கிடையாது.

நான்காவதாக நீங்கள் வைத்த பான் ஜோவியை இதன் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். 'லிவின் ஆன் எ பிரேயர்' நிமிடத்துக்கு ஏறக்குறைய 123 அடி. அடிக்கு அடி அரை விநாடி இடைவெளி இருக்கிறது, அங்கே ரிவெர்ப் தாராளமாகக் கால் நீட்டலாம். ஆகவே அந்தப் பெரிய டிரம்ஸ் அங்கே பிழையில்லை. நல்ல பாட்டுகள்தான், ஆனால் பக்கம் இரண்டில் சரக்கு மெலிகிறது.

'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' எனக்கு இரண்டாவது. தலைப்புப் பாட்டில் வரிகள் வரும் பகுதியின் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: நான்கு அடி, நான்கு, நான்கு, பிறகு ஏறத்தாழ இரண்டரை. நான்காவது சுற்று மட்டும் குறைப்பட்டு, அடுத்த வரி முந்திக்கொண்டு விழும். கேட்பவர் தடுக்கி விழுவதுபோன்ற உணர்வு அங்கிருந்துதான். அதையும் கிட்டார் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் கம்பியை மீட்டும் பிக்கை மேலிருந்து கீழாக மட்டுமே இழுத்து வாசிக்கிறார், விநாடிக்கு ஏழு இழுப்பு. மேலும் கீழுமாக வாசித்தால் கை வலிக்காது. ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று மெலிந்து, ரிஃபின் கடினம் போய்விடும். கிட்டார் பழகுகிறவர்கள் முதலில் வேகத்தைப் பாதியாக்கி, மணிக்கட்டால் மட்டும் இழுத்துப் பழக வேண்டும். முழங்கையிலிருந்து இழுத்தால் ஒரு நிமிடத்தில் கை இறுகிவிடும்.

பிறகு ஏன் முதலிடம் இல்லை? ஆல்பத்தின் வரைபடம் பழையது. அக்கூஸ்டிக் கிட்டாரில் மெதுவாகத் தொடங்கிச் சீறும் முதல் பாட்டு, இரண்டாவதாகத் தலைப்புப் பாட்டு, மூன்றாவது கனமான நிதான நடை, நான்காவது சோகமாக ஆரம்பித்து வெடிப்பது. 1984இல் அவர்களே போட்ட 'ரைட் த லைட்னிங்'கின் முதல் பக்கம் அச்சு அசல் இதேதான். இன்னொரு சிக்கல் நீளம். ஏறக்குறைய 55 நிமிடத்தை ஒரே தட்டில் அடைத்ததால் பக்கத்துக்கு 27 நிமிடம். ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக ஒலியளவைக் குறைக்க வேண்டும். தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது என்றால், உள்விளிம்பில் அதில் பாதிகூட இல்லை. அந்த இடத்தில் போய்க் கடைசிப் பாட்டான 'டேமேஜ் இன்க்' மாட்டிக்கொள்கிறது, சிம்பல் சத்தம் சிதறுகிறது. அந்தப் பாட்டுக்கு சிடியே மேல்.

இதே ஆல்பத்தின் 'ஓரியன்' கேட்கும்போது ஒன்று: மங்கலாக எழுந்துவரும் அந்தத் தொடக்க ஒலி கீபோர்டு அல்ல, கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 27இல் ஸ்வீடனில் நடந்த பஸ் விபத்தில் அவர் இறந்தார்.

'பீஸ் செல்ஸ்' விஷயம் எளிது. பின்னட்டையில் ஆண்டைப் பாருங்கள். 2004 பதிப்பு மறுபடி மிக்ஸ் செய்யப்பட்டது, அதாவது ஒவ்வொரு வாத்தியத்தின் அளவையும் புதிதாகக் கலந்தது; முடிந்த கலவையை மெருகேற்றும் வெறும் ரீமாஸ்டர் இல்லை. உங்கள் இருவரில் ஒருவரிடம் அது இருக்க வேண்டும். பழைய மிக்ஸ் வேண்டுமென்றால் 1986 பதிப்பையோ 2011இல் வந்த இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பையோ தேடுங்கள். ஜாஸ் பின்னணியிலிருந்து வந்த கார் சாமுவெல்சனின் டிரம்ஸை அவர் காலத்து மிக்ஸில் கேட்பதுதான் முறை. ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே இருபது விநாடியை எடுத்து, சத்தத்தைக் காதுக்குச் சமமாக்கிக்கொண்டு கேளுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லது போலவே தோன்றும்.

அயர்ன் மெய்டன் மூன்றாம் இடத்தில் இருக்கட்டும். அதில் வரும் கிட்டார் சிந்தசைசர், அதாவது கிட்டாரால் இயக்கும் மின்னணு ஒலி, எனக்கு உறுத்தவில்லை.

பான் ஜோவியை எடுத்துவிட்டு ஸ்வீடனின் கேண்டில்மாஸ் குழுவைச் சேர்ப்பேன். 'எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்', ஆறே பாட்டு. முதல் பாட்டு 'சாலிட்யூட்'. ஸ்லேயரில் எது நாசமாக்குமோ அதே எதிரொலி இங்கே வேண்டும். அடிகள் அவ்வளவு தள்ளித் தள்ளி விழுகின்றன. பாடகர் யோஹான் லாங்க்விஸ்ட் இதில் விருந்தினராக வந்து பாடிவிட்டுப் போனவர். 2018இல்தான் குழுவுக்குத் திரும்பினார்.