வெடிப்பு விட்ட ஸ்போர்ட் ரிம்முக்கு வெல்டிங் வைத்து ஓட்டலாமா?

கேள்வி இதுதான்: காரின் பின்சக்கர அலாய் ரிம்மில் (ஸ்போர்ட் ரிம் என்பது இதைத்தான்), உள்பக்க விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெடிப்பு. கடையில் வெல்டிங் வைத்தால் போதும் என்கிறார்கள். வைக்கலாமா, வேறு ரிம் வாங்க வேண்டுமா?

வேறு வாங்குங்கள். புது அலாய்க்குக் கையில் காசு இல்லையென்றால் இரும்பு ரிம் போடுங்கள். நான் வெல்டிங் வைத்து ஓட்டியவன். என் அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட். ஊரைச் சுற்றி முன்பு பால்மரம் (ரப்பர்), இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை). குலை ஏற்றிய லோரிகள் நாள் முழுக்கப் போய்வரும் ரோட்டில் ஒரு மழை பெய்தால் குழி விழும். குழியில் தண்ணீர் நின்றுவிட்டால் அதன் ஆழம் தெரியாது. எங்கள் பெரோடுவா மைவி காரில் 15 அங்குல ஸ்போர்ட் ரிம் போட்டிருந்தேன், இரண்டாம் கை. ஒருநாள் இரவு மழையில் தோட்ட முச்சந்தியில் பின் இடது சக்கரம் குழியில் இறங்கியது. ‘டங்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன், டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. கவலையில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்று நாளைக்கு ஒரு தடவை அந்தச் சக்கரத்தில் மட்டும் காற்று இறங்கியது. ஆணி ஏதும் இல்லை. வால்வையும் மாற்றினேன், பயனில்லை. என் அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். “டேய், டயரையே பாத்துக்கிட்டு இருக்கியே, சக்கரத்தைக் கழட்டி உள்பக்கத்தைப் பாருடா” என்றார். உள்பக்கமெல்லாம் பிரேக் தூளும் சேறும் அப்பிக் கிடந்தது. தேய்த்துக் கழுவி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். விளிம்பை ஒட்டி ஒரே இடத்தில் சின்னச் சின்ன நுரை கிளம்பியது. துடைத்தால் மறுபடி அதே இடத்தில். தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது.

வெடிப்பு பெரும்பாலும் உள்பக்கத்தில்தான் விழும். வெளிப்பக்கத்தை ஸ்போக்குகள் தாங்கிப் பிடிக்கின்றன. உள் விளிம்புக்கு அப்படி ஒரு தாங்கல் கிடையாது. குழியின் ஓரம் டயரை நசுக்கி ரிம்மில் மோதும்போது அந்த அடி முழுவதையும் மெல்லிய உள் விளிம்பே வாங்குகிறது. டயரின் பக்கச்சுவர் குட்டையாக இருந்தாலோ காற்று குறைவாக இருந்தாலோ அடி இன்னும் பலமாக விழும். வெளியே நின்று பார்த்தால் ரிம் பளபளவென்றுதான் இருக்கும்.

டயர் கடைத் தவுக்கே (முதலாளி) டயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “இனி ரிம் சுடா ரெதாக்” என்றார். ‘இந்த ரிம் வெடித்துவிட்டது’ என்று மலாயில் அர்த்தம், வேறு பாரு என்பதுதான் அவர் சொன்னது. எனக்குக் காசு கணக்கு. வேறொரு கடையில் 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) வெல்டிங் வைத்து, தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். புதிது போலவே இருந்தது. நான்கு மாதம் ஓடியது. ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும் வழியில் ஸ்டீயரிங் லேசாக நடுங்கி, வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. நல்லவேளை, வேகம் குறைவு. ஓரம் கட்டி இறங்கினால் டயரில் பாதிக் காற்றுகூட இல்லை. கழற்றியபோது வெல்டிங் கோடு அப்படியே நன்றாக இருந்தது. அதற்கு அரை அங்குலம் தள்ளிப் புது வெடிப்பு, பழையதைவிட நீளமாக.

பக்கத்தில் ஏன் வெடித்தது என்பதுதான் இந்தக் கேள்விக்கே பதில். பெரும்பாலான அலாய் ரிம்கள் வெறும் அலுமினியம் இல்லை. சுமார் 7 விழுக்காடு சிலிக்கனும் கொஞ்சம் மெக்னீசியமும் கலந்து வார்த்தவை. வார்த்த பிறகு ஏறக்குறைய 540 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்து, மறுபடி குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். டி6 என்று சொல்வது இந்தப் பதத்தைத்தான். ரிம்மின் பலம் அதிலிருந்தே வருகிறது. வெல்டிங் வைக்கும்போது உலோகம் உருகும் அளவுக்குச் சூடாகிறது. உருகிய இடத்தில் புது உலோகம் சேர்கிறது, சரி. அதன் இரு பக்கமும் உருகாமல் சூடு மட்டும் வாங்கிய பட்டை தன் பதத்தை இழந்து மென்மையாகிவிடுகிறது. முழு ரிம்மையும் மறுபடி பதப்படுத்தினால்தான் அது திரும்பும். நம் ஊர்ப் பட்டறையில் அதற்கு வழி இல்லை. வெல்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இது மாறாது. வளைந்த ரிம்மை நெருப்புக் காட்டி நிமிர்த்தினாலும் இதே கதைதான்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். 185/55 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.83 மீட்டர் உருளும். கிலோமீட்டருக்குச் சுமார் 545 சுற்று. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒரு பயணத்துக்குப் பதினாறாயிரம் தடவைக்கு மேல் அந்த வெடிப்பு வண்டியின் எடையில் ஒருமுறை அழுந்தி ஒருமுறை விடுபடுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதேதான். நீங்கள் மெதுவாக ஓட்டினாலும் சுற்று குறையாது.

உள் விளிம்பில் சின்ன வெடிப்பு என்றால் வெல்டிங் வைத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஸ்போக்கிலோ, நடு மையத்திலோ, நட்டு ஓட்டையைச் சுற்றியோ வெடிப்பு இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அங்கே விட்டுப்போனால் காற்று இறங்காது, சக்கரமே கழன்றுவிடும். அந்த வண்டியைக் கடைவரைகூட ஓட்டாதீர்கள், ஸ்பேர் போட்டுக்கொண்டு போங்கள்.

எங்கள் பக்கம் இன்னொரு வைத்தியம் உண்டு. அதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். வெடித்த ரிம்மில் காற்று நிற்கவில்லை என்று டயருக்குள் டியூப் போட்டுவிடுவார்கள். சிலர் உள்ளே எபோக்சிப் பசை பூசுவார்கள். காற்று நின்றுவிடும், உண்மை. ஆனால் காற்று இறங்குவதுதான் வெடிப்பு வளர்கிறது என்று ரிம் நமக்குச் சொல்லும் முக்கிய வழி. அந்த வாயை அடைத்துவிட்டு உள்ளே வெடிப்பை வளர விடுகிறோம். பிறகு டியூப் அந்த வெடிப்பின் விளிம்பிலேயே உராய்ந்து ஒருநாள் ஓட்டத்தில் படாரென்று போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கீறலா வெடிப்பா என்று சந்தேகம் இருந்தால், வெல்டிங் சாமான் கடைகளில் மூன்று ஸ்பிரே டின் கொண்ட சோதனை மருந்து கிடைக்கும். முதல் டின்னால் சுத்தம் செய்து, சிவப்பு மருந்தை அடித்து, சற்று விட்டுத் துடைத்து, வெள்ளை மருந்தை அடிக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய சிவப்பு வெள்ளையில் ஊறி வெளியே வரும். இரண்டாம் கை ரிம் வாங்குவதற்கு முன்பும் இதைச் செய்து பார்க்கலாம். உள்பக்கம் மட்டும் புதுப் பெயிண்ட் மின்னுகிறது என்றால் அதை வாங்காமல் வந்துவிடுங்கள். ரிம்மில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். போலி ரிம்மிலும் அந்த எழுத்தை வார்த்துவிடுகிறார்கள், அதனால் எழுத்தை மட்டும் நம்பிவிட முடியாது.

நான் கடைசியில் 14 அங்குல இரும்பு ரிம் நாலும், அதற்கேற்ற 175/65 டயரும் போட்டேன். சுற்றளவு ஏறக்குறைய அதேதான், ஆனால் பக்கச்சுவர் உயரம். இரும்பு குழியில் விழுந்தால் வளையும், அலாய் மாதிரி சட்டென்று வெடிக்காது. தோட்டத்து ரோட்டுக்கு அதுதான் சரி என்பது என் முடிவு. “என்னண்ணே, ஸ்போர்ட் ரிம்மைக் கழட்டிட்டீங்க?” என்று தம்பிகள் கேட்கிறார்கள். அவர்கள் வண்டியிலும் அக்கா, தங்கை, அம்மா எல்லாரும் ஏறுகிறார்கள். மாற்றுவதாக இருந்தால் நட்டு ஓட்டை அளவு (மைவிக்கு 4x100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு ஓட்டை), நடு ஓட்டை, ஆஃப்செட் (ரிம் வண்டியில் பொருந்தும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு) மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நட்டின் முகம் ரிம்மில் சரியாக உட்காருகிறதா என்று கையால் முறுக்கியே பாருங்கள். கொஞ்சம் ஓட்டிய பிறகு நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் கேட்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு ரிம்முக்காக வேண்டாம். ஐந்து வருஷம் காத்துச் சேர்த்த 55 விழுக்காட்டு என்சிடி (கிளெய்ம் செய்யாதவர்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) ஒரே கிளெய்மில் பூஜ்யத்துக்குப் போய்விடும். குழி பொது ரோட்டில் இருந்தால் படம் எடுத்துப் பொதுப்பணி அமைச்சின் மைஜாலான் செயலியில் போடுங்கள். தோட்டத்துக்குள் இருக்கும் ரோடு என்றால் தோட்ட ஆபீசில்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பழைய ரிம்மை யாருக்கும் விற்காதீர்கள். நான் அதை 30 வெள்ளிக்குக் கேட்ட ஒரு பையனிடம் கொடுக்க இருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கிரைண்டரை எடுத்து வந்து, விளிம்பிலிருந்து நட்டு ஓட்டை வரைக்கும் ஒரு வெட்டு வெட்டினார். அப்புறம்தான் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப்போனோம், கிலோ கணக்கில் போட்டோம்.