ஊட்டி போகிற வழியில் ஊட்டிவிடலாமா? மலைப்பாதையில் காருக்குள் சாப்பிடுவது பற்றிக் கேள்வி பதில்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பாதைகளில் வாடகை வண்டி ஓட்டுவதிலும் பராமரிப்பதிலும் பழகிய ஒருவரிடம் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும்.

கேள்வி (திருப்பூர்): அண்ணா, ரெண்டு குழந்தைகளோட விடியக்காலைல கிளம்பி ஊட்டி வர்றோம். டிபனை ஓடுற வண்டியிலயே முடிச்சுட்டா ஒரு மணி நேரம் மிச்சம்ங்கிறார் வீட்டுக்காரர். சரியா வருமா?

பதில்: மிச்சமாகிற ஒரு மணி நேரமும் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி வாந்தியைத் துடைப்பதில் போய்விடும் தங்கச்சி. அவிநாசி, அன்னூர் வழியாகத்தான் வருவீர்கள். அன்னூரில் நிறுத்தி, ஆளுக்கு இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மலை அடிவாரமான கல்லாறு வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வயிறு ஓரளவு அடங்கும். பூரி, வடை, பால் காபி மூன்றும் மலை ஏறுவதற்கு முன் வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம், அதிலும் குமட்டும்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பகுதி முழுக்க வாயில் போகலாம் என்பது இவ்வளவுதான்: ஒரு வாய் தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி மிட்டாய், பெரிய பிள்ளைகளுக்குக் கைப்பிடி பொரி. மற்றதெல்லாம் குன்னூரில் வண்டியை நிறுத்திவிட்டு. சீசனில் மேலே போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். 2024 மே 7 முதல், நீலகிரிக்குள் நுழைய முன்கூட்டியே எடுக்க வேண்டிய இ-பாஸ் வேறு பார்க்கிறார்கள். அந்த வரிசையில் வண்டி நிற்கும் நேரம்தான் பிள்ளைகளுக்குப் பொரி கொடுக்கச் சரியான நேரம்.

கேள்வி (கோவை): நான் ஓட்டும்போது மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுவாள். கை ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது, என்ன தப்பு?

பதில்: கை ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது, கண் சோற்று உருண்டைக்குப் போகிறதே சார். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. இரண்டு நொடி கண் விலகினால் 16 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் எதிரே அரசுப் பேருந்து மொத்தச் சாலையையும் எடுத்துத் திரும்ப அந்தத் தூரமே போதும். போதாததற்கு மிளகாய் தொண்டையில் ஏறினால் இருமல், கண்ணில் நீர். மலையில் ஓட்டுநருக்கு என் விதி இது: வண்டி நகரும்போது தண்ணீர்கூட நேரான சாலையில் மட்டும், அதையும் பக்கத்தில் இருப்பவர் மூடியைத் திறந்து கையில் கொடுக்க வேண்டும். ஊட்டி போய்ச் சேர்ந்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் ஊட்டிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): கட்டுச்சோறு என்ன கட்டலாம்? போன தடவை சட்னி புளிச்சு, சாம்பார் கொட்டி, சீட்டெல்லாம் பாழ்.

பதில்: கொட்டக்கூடியதைக் கட்டவே கூடாது அம்மா. சாம்பார், தேங்காய்ச் சட்னி, ரசம் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பொடி இட்லிதான் மலைப் பயணத்துக்கு ராஜா. 12 இட்லிக்கு 4 மேசைக்கரண்டி பொடி, 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய். இட்லி நன்றாக ஆறிய பிறகு இரண்டு பக்கமும் தடவுங்கள். சூட்டோடு கட்டினால் ஆவி வேர்த்து, பொடி சேறாகிவிடும். தணலில் வாட்டிய வாழை இலையில் ஆளுக்கு மூன்று வைத்துத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். பாதி விபத்து சாப்பிடும்போது நடப்பதில்லை, பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்குத் தட்டை நீட்டும்போதுதான் நடக்கிறது. ஆளுக்கொரு பொட்டலம் என்றால் நீட்டுகிற வேலையே இல்லை.

மதியத்துக்குத் தயிர்சாதம் என்றால், குழைய வடித்த ஒரு கப் சாதத்துக்கு ஒரு கப் காய்ச்சி ஆறிய பால், இரண்டு மேசைக்கரண்டி தயிர். நான்கைந்து மணி நேரத்தில் அளவாகப் புளித்திருக்கும். முழுக்கத் தயிர் விட்டுப் பிசைந்தால் மதியத்துக்குள் வாயில் வைக்க முடியாது. வெங்காயம், வெள்ளரி போட வேண்டாம், நீர் விடும். டப்பாவில் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள்.

கேள்வி (சேலம்): அது எதுக்கு இடம்? மேலே போகப் போகச் சிப்ஸ் பாக்கெட்டும் பலூன் மாதிரி ஊதிக்குது. கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?

பதில்: கெடவில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே காற்றழுத்தம் குறைவு. கீழே ஒட்டிய பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று ஊட்டியில் ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும். ஒட்டு பலமாக இல்லாவிட்டால் டப்பென்று வெடிக்கும். வளைவில் காதருகே அந்தச் சத்தம் கேட்டால் ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிடுவார். அதனால் பாக்கெட்டுகளை அடிவாரத்திலேயே பிரித்து டப்பாவில் கொட்டிவிடுங்கள்.

தயிர்சாதத்துக்கும் இதே கதைதான். புளிக்கும்போது வரும் வாயுவும் சேர்ந்துகொள்ளும். பிளாஸ்க்கில் இன்னும் கவனம் வேண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே கொதிக்கக் கொதிக்க ஊற்றிய காபியை மேலே திறந்தால், அமுக்கினால் ஊற்றும் வகைப் பிளாஸ்க் சீறித் தெறிக்கும். வண்டி நின்ற பிறகு, முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, மூடியைக் கால் சுற்று தளர்த்தி, புஸ்ஸென்று அடங்கியபின் திறக்க வேண்டும். மடியில் வைத்துத் திறக்கவே கூடாது.

கேள்வி (கரூர்): வாந்திக்கு என்ன ஏற்பாடு? பிளாஸ்டிக் கவர்தான் தடையாச்சே.

பதில்: கவரை மறந்துவிடுங்கள். மூடி உள்ள இரண்டு லிட்டர் வாளி, அடியில் நான்காய் மடித்த செய்தித்தாள். கவரைவிட இதுவே மேல்: கிழியாது, மூடினால் நாற்றம் வராது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எடுப்பதுதான் ஆபத்து. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எதிரே வரும் பேருந்து. வாந்தி வரும் ஆளை முன் சீட்டில் உட்காரவைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போன் கூடாது. மாத்திரை எடுப்பதானால் மருத்துவரைக் கேட்டு, மலை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. ஓட்டுபவர் அதைத் தொடவே கூடாது, தூக்கம் தள்ளும்.

கேள்வி (குன்னூர்): மூணு வயசுப் பையனுக்கு வண்டியில வேர்க்கடலை கொடுத்தா அமைதியா இருக்கான். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. வேர்க்கடலை, முழுத் திராட்சை, முறுக்குத் துண்டு, கெட்டி மிட்டாய், எதுவும் அந்த வயதில் ஓடும் வண்டியில் வேண்டாம். ஒரு குலுங்கலில் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். வளைவில் நிறுத்தவும் இடம் இருக்காது. நின்ற இடத்தில், நிமிர்ந்து உட்காரவைத்து, வாழைப்பழம் கொடுங்கள்.

கேள்வி (சென்னை): வாடகை கார் எடுத்து வருகிறோம். டிரைவரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டுமா? அவருக்குப் பேட்டா கொடுக்கிறோமே, சாப்பாடும் நாம்தான் தர வேண்டுமா?

பதில்: கேட்டுத்தான் ஆக வேண்டும். நீங்கள் இறங்கிய பின் அந்த வாசனையோடு அடுத்த சவாரி எடுப்பவர் அவர். "அண்ணே, உள்ளே பிஸ்கட் சாப்பிடலாமா, சோறு வெளியே சாப்பிடணுமா?" என்ற ஒரு வரி போதும். பெரும்பாலோர் உலர்ந்த தின்பண்டத்துக்குத் தலையாட்டுவார்கள், குழம்புக்கும் மீன் வறுவலுக்கும் முகம் மாறும். பேட்டா கொடுத்திருந்தாலும், பொட்டலம் பிரிக்கும்போது அவருக்கும் ஒன்று நீட்டுவது நம் ஊர் வழக்கம். அதை ஓடும்போது நீட்டாதீர்கள். அவர் நிறுத்தி, கை கழுவி, இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிட நேரம் கொடுங்கள். "சீக்கிரம் முடிங்க" என்று கண்ணாடியைத் தட்டுகிற ஆட்கள் பொட்டலமே கொடுக்க வேண்டாம்.

பங்கிட்டுப் போகும் வண்டியில், அதாவது தெரியாதவர்கள் நடுவில், பிரியாணியும் அவித்த முட்டையும் திறக்காமல் இருப்பது மரியாதை. பக்கத்தில் இருப்பவர் சைவமா அசைவமா என்பதல்ல விஷயம். ஜன்னல் மூடிய வண்டியில் அவித்த முட்டையின் வாடை யாருக்கும் பிடிக்காது.

கேள்வி (மேட்டுப்பாளையம்): தண்ணி பாட்டிலை எங்கே வைக்கிறது? பையன் எப்பவும் கீழே உருட்டி விட்டுடறான்.

பதில்: நல்ல வேளை கேட்டீர்கள். மொத்தத்தில் இதுதான் உயிர் சமாசாரம். இறக்கத்தில் பிரேக் போட்டதும் பின் சீட்டுக்கடியில் கிடக்கும் பாட்டில் முன்னால் உருண்டு, பிரேக் பெடலுக்கு அடியில் போய் முட்டுக்கொடுக்கும். ஓட்டுநர் மிதிப்பார், பெடல் பாதிக்கு மேல் இறங்காது. ஆரஞ்சுப் பழம், டிபன் கேரியர் மூடி எதுவும் இதைச் செய்யும். பாட்டில் கதவுப் பையில்தான் இருக்க வேண்டும், டப்பாக்கள் தரையில் அல்ல, டிக்கியில்.

அப்படி மாட்டிக்கொண்டால் குனிந்து எடுக்கப் பார்க்காதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர் பக்கம் ஒதுக்குங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், ஸ்டியரிங் இறுகிவிடும்.

கேள்வி (பொள்ளாச்சி): வழியில் காட்சி முனை மாதிரி இடம் பார்த்து நிறுத்திச் சாப்பிடலாம் அல்லவா? தோலெல்லாம் மக்கும் குப்பைதானே, போட்டுவிடலாமா?

பதில்: கல்லாறு முதல் பர்லியாறு வரையும், கோத்தகிரிப் பாதையில் குஞ்சப்பனைப் பக்கமும் யானை நடமாடும் இடங்கள். பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். வண்டியில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு அங்கே ஓரம் கட்டுவது விருந்துக்கு அழைப்பது மாதிரி. கூடலூரிலிருந்து தொரப்பள்ளி தாண்டி முதுமலைக் காட்டுக்குள் நிறுத்தவே கூடாது. கூடலூரிலேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தோல் மக்கும்தான். ஆனால் மக்குவதற்குள் குரங்கு அதற்காகச் சாலைக்கு வரும், அடுத்த வண்டியில் அடிபடும். காட்டுயிருக்கு உணவு போடுவது குற்றமும்கூட. குரங்கு இருக்கும் இடத்தில் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுத்தான் பையைத் தொட வேண்டும். பொட்டலம் சரசரக்கும் சத்தமே அதற்குப் போதும். கைக்கு வந்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், விட்டுவிடுங்கள். கடி பட்டால் ஊசி போட வேண்டிவரும். குப்பைக்கென்று மூடி உள்ள ஒரு எவர்சில்வர் தூக்கு வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் வீட்டுக்குத் திரும்பட்டும்.

கேள்வி (கோத்தகிரி): ராத்திரி வண்டியில மிச்ச சாப்பாடு இருந்தா என்ன? குளிர்ல கெடாதே.

பதில்: கெடாது, கரடி வரும். குன்னூர், கோத்தகிரி குடியிருப்புகளுக்குள் எண்ணெய் வாசனைக்கும் தின்பண்டத்துக்கும் கரடி வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான். கரடி வராவிட்டால் எலி. குளிருக்கு எஞ்சின் சூட்டைத் தேடி வரும், வாசனையும் சேர்ந்தால் தங்கிவிடும், ஒயரைக் கடிக்கும். வர்க்கித் துகள் ஒரு கைப்பிடி சீட்டு இடுக்கில் கிடந்தாலே போதும். வர்க்கி அடுக்கடுக்காக உதிரும் பண்டம், அதைக் காருக்குள் கடிப்பதைப் போல மோசமான யோசனை இல்லை. டீக்கடை வாசலில் நின்று நனைத்துச் சாப்பிடுங்கள், அதன் ருசியும் அங்கேதான்.

கேள்வி (உதகை): சாம்பார் கறை சோப்பு போட்டதும் சிவப்பாயிடுச்சு. சீட்டு போச்சா?

பதில்: போகவில்லை. மஞ்சள் காரத்தன்மை பட்டால் சிவக்கும், சோப்பும் சமையல் சோடாவும் காரம்தான். முதலில் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்திருக்க வேண்டும். இப்போது தண்ணீரில் நன்றாக அலசி, கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரால் ஒற்றுங்கள், திரும்ப மஞ்சளாகும். பிறகு வெயிலில் கதவைத் திறந்துவைத்தால் இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். மஞ்சள் நிறம் வெயில் தாங்காது. ஊட்டியில் வெயிலுக்குத்தான் காத்திருக்க வேண்டும், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

பால் கொட்டினால் உடனே குளிர்ந்த தண்ணீர், வெந்நீர் அல்ல. வெந்நீரில் பால் திரிந்து ஸ்பாஞ்சில் ஒட்டும், ஒரு வாரத்தில் நாறும். பலாப்பால் ஒட்டினால் முதலில் தேங்காய் எண்ணெய், பிறகு சோப்பு. சீட் பெல்ட் கொக்கியில் இனிப்பு டீ போய்ப் பொத்தான் மாட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அலசிக் காயவிடுங்கள். எண்ணெய் போடாதீர்கள், தூசியைப் பிடித்து இன்னும் இறுகும்.

கேள்வி (நாமக்கல்): பர்லியாறில் துரியன் வாங்கினோம், வண்டி மூணு நாள் நாறுச்சு. மங்குஸ்தானும் வாங்கலாம்னு இருக்கோம்.

பதில்: துரியனை அங்கேயே உடைத்து, அங்கேயே தின்று, கையைக் கழுவிவிட்டு ஏறுவதுதான் வழி. மூடி போட்ட டப்பாவும் அதற்குத் தாங்காது. மங்குஸ்தான் தாராளமாக வாங்குங்கள், மணம் தொந்தரவில்லை. ஆனால் தோலின் ஊதாச் சாறு துணியில் பட்டால் போகாது. வண்டிக்கு வெளியே நின்று இரு கையாலும் அழுத்திப் பிளந்து, வெள்ளைச் சுளையை மட்டும் கிண்ணத்தில் போட்டு உள்ளே கொடுங்கள்.

கேள்வி (திருப்பூர், மறுபடியும்): அண்ணா, ஊட்டியில கழுவி மூடின டப்பா வீட்டுக்கு வந்ததும் திறக்கவே மாட்டேங்குது!

பதில்: மேலே மூடும்போது உள்ளே இருந்தது மெல்லிய காற்று. கீழே வந்ததும் வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடிக்கிறது. ஐந்து நிமிடம் வெந்நீரில் வைத்துவிட்டு, ரப்பர் வளையத்தின் ஓரத்தில் கரண்டிக் காம்பால் லேசாக நெம்புங்கள். அடுத்த முறை இறங்கும்போது காலி டப்பாக்களை மூடாமல் கொண்டுவாருங்கள்.