முகத்துவாரத்தை ஆழப்படுத்தினால் கிணறு உப்பாகுமா?

ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "புன்னைக்காயலில் படகுகள் வந்துபோக, தாமிரபரணி முகத்துவாரத்தை ஆழப்படுத்த வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பாகுமா? கருத்துக் கேட்டால் என்ன சொல்வது?"

உப்பாக வாய்ப்பு உண்டு, ஐயா. எவ்வளவு ஆழம் தோண்டுகிறார்கள், எவ்வளவு தூரம் உள்ளே வருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கடல்நீர் நல்ல தண்ணீரைவிடக் கனமானது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் அது ஆப்பு மாதிரி அடியில் நுழைந்து, ஆற்றுப் படுக்கையோடு ஊர்ந்து மேலேறும். மேலே ஆற்றுநீர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். முகத்துவாரத்து மணல் திட்டு அந்த ஆப்பைத் தடுக்கும் வாசற்படி. படகுக்காரருக்கு இடைஞ்சலாக இருக்கும் அதே திட்டுதான் உங்களுக்குக் காவல். நம் கரையில் ஓதம், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் இரண்டு நீரும் நன்றாகக் கலப்பதில்லை. மேலாக மொண்டு பார்த்துவிட்டு 'நல்ல தண்ணீர்தான்' என்று யாராவது அறிக்கை கொடுத்தால் ஏற்காதீர்கள். அடித் தண்ணீரை எடுக்கச் சொல்லுங்கள், அதுவும் பங்குனி, சித்திரையில். பாசன அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி வரும் தண்ணீர் குறையும்போதுதான் ஆப்பு நீளும். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே, ஓதத்தின் எல்லையை ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு என்ற அளவை வைத்துத்தான் குறிக்கச் சொல்கிறது.

ஆற்றின் குறுக்கே தடுப்பணை இருந்தால் ஆற்றுக்குள் ஏறிவரும் ஆப்பு அதோடு நிற்கும். நிலத்தடியில் கதை வேறு; ஆற்றடியில் ஏறிய உப்புநீர் மண் வழியே கிணற்றுப் பக்கம் ஊறலாம். கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மோட்டார் போட்டு 1 அடி இறக்கினால் உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனவர்களின் கோரிக்கையும் நியாயமானதுதான். திட்டில் தட்டிப் படகு கவிழ்வது உயிர் விஷயம். பைபர் படகுகளுக்கு வாய்ப்பகுதியில் மட்டும் வேண்டிய ஆழம் என்றால் நான் எதிர்க்க மாட்டேன். பெரிய விசைப்படகுகளுக்காக ஆற்றுக்குள் கிலோமீட்டர் கணக்கில் தோண்டுவது என்றால், வேண்டாம் என்பேன். ஒரு முறை தோண்டினால் முடிகிற வேலையும் இல்லை இது. கொற்கை துறைமுகமாக இருந்த ஊர். வண்டல் படிந்து இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. அப்புறம் காயல், அதன்பின் புன்னைக்காயல் என்று துறை நகர்ந்துகொண்டே வந்தது. 2023 டிசம்பர் மாதிரி ஒரு வெள்ளம் வந்தால் தோண்டியது மறுபடி மூடும். பராமரிப்புக்கு யார் பணம் என்று கேளுங்கள்.

தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவார்கள் என்பதையும் விடாமல் கேளுங்கள். அலையாத்திக் காட்டில் கொட்டினால் மூச்சுவேர்கள் மூடி மரம் சாகும். கலங்கல் மன்னார் வளைகுடாப் பக்கம் போனால் பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் கேடு. 'வண்டல்தானே, வயலுக்கு நல்லது' என்று யாராவது இலவசமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் உப்பு இருக்கும். நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு காற்றுப்பட்டுக் காய்ந்தால் அமிலமாகவும் மாறலாம். கொடிக்கால் இரண்டையும் தாங்காது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை இன்றைக்கே வாங்குங்கள். மாதம் இரு முறை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், மோட்டார் போடும் முன்பும் ஒரு மணி நேரம் ஓடிய பின்பும் கிணற்றை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஆற்றைவிட்டுத் தள்ளி இருக்கும் கிணறு ஒன்றையும் சேர்த்து அளவெடுங்கள். இரண்டிலும் உப்பு ஏறினால் காரணம் வறட்சியாக இருக்கலாம். ஆற்றோரக் கிணற்றில் மட்டும் ஏறினால் முகத்துவாரத்தில் தோண்டியதைச் சந்தேகிக்கலாம். வேலை தொடங்குவதற்கு முன் ஒரு கோடைக் கணக்காவது கையில் இல்லாவிட்டால், பின்னால் யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.