தப்பட்டை காய்ச்சிய நெருப்பு

அன்புள்ள ஐயா,

'அன்னக்கிளி' பாடல்களை இந்த வாரம் திரும்பத் திரும்பக் கேட்டேன். படம் எடுத்தது எங்கள் பக்கம், தெங்குமரஹாடாவில். 'சுத்தச் சம்பா' பாட்டில் எங்கள் ஊர்க் கும்மியின் அடி கேட்கிறது. அதைக் கொங்கு மண்ணின் இசை என்று சொல்லலாமா? இந்த ஆட்டங்களைச் சினிமா வாழவைத்ததா, அழித்ததா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள அம்மிணி,

போன வாரம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டார்கள். அதே நினைப்பாக இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

மாயாற்றைப் பரிசலில் கடந்து போகிற அந்த ஊரில் படம் எடுத்தார்கள், சரி. அதற்காக 1976இல் வந்த ஒரு படத்தின் தாளத்தை நம் பேருக்குப் பட்டா போட்டுக்கொள்ள முடியுமா? இசை போட்ட இளையராஜா தேனிப் பக்கம் பண்ணைப்புரத்துக்காரர். அவர் கேட்டு வளர்ந்தது அந்தப் பக்கத்துப் பாட்டு. கும்மியோ தமிழ்நாடு முழுக்க அடித்தது. வாழவைத்ததா அழித்ததா என்பதைப் பட்டிமன்றக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

'மண்ணின் இசை' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. மண்ணா அடித்தது? ஆள் அடித்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. மாரியம்மன் கோயில் வாசலில் முக்கிளைக் கம்பம் நட்டு, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டியிருப்பார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சுற்றி ஆட்டம். என் அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இறங்கினால் ஊரே கூடிவிடும். தப்பட்டை என்கிற பறையை அடிக்க நாலு பேர். மாசிப் பனியில் தோல் தொய்ந்துபோகும். அடிக்கொருதரம் ஓரமாகப் போய் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு வருவார்கள். நான் அந்த நெருப்புப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்துதான் பார்த்தேன். அவர்களில் மூத்தவர் தப்பட்டையைப் பார்க்கவே இல்லை. அப்புச்சியின் காலை மட்டும் பார்த்தார். கால் தரையைத் தொடுகிற அதே நொடியில் அடி விழுந்தது. அப்புச்சிக்கு மூச்சு வாங்கினால் அடி தளரும். அவர் நிமிர்ந்ததும் மறுபடி ஏறும். அறுபது வயசு மனுஷர் விடிய விடிய ஆடினார் என்று ஊர் இன்னும் பேசுகிறதே, அவரை ஆட வைத்தது அந்தக் கைதான்.

அம்மாயி, அம்மாவின் அம்மா, வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். "அங்கெல்லாம் உக்காரக் கூடாது கண்ணு." விடிந்ததும் ஆடியவர்களுக்குக் கோயில் திண்ணையில் இலை போட்டார்கள். அடித்தவர்கள் தூரத்தில் புளியமரத்தடியில் நின்றார்கள். அவர்களுக்குப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். அப்புச்சியின் பேரை இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த மூத்தவர் பேர் ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. போன வாரம் வயசானவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். "அடிக்க வந்தவங்க" என்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது பிளாஸ்டிக் தோல். பனிக்குத் தொய்வதில்லை, நெருப்பும் வேண்டாம். அடிக்க வந்த பையன்கள் ஆறு பேரின் பேரையும் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவன் ஐடிஐ படிக்கிறான். பேர் கேட்டதற்கே வெட்கப்பட்டான்.

நீங்கள் நல்லாக் கேட்கிற பெண். பாட்டுக்குள் கும்மி அடியைப் பிடித்த காது சாதாரணக் காது அல்ல. அந்தக் காதை வைத்துக்கொண்டு மண், பெருமை என்று நிற்காதீர்கள். உங்கள் ஊர்க் கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுத்த அம்மா யார், பக்கத்தில் நின்று அடித்தவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? போய் விசாரியுங்கள். அடுத்த கடிதத்தில் அவர்கள் பேரை எழுதுங்கள்.