அச்சில் உள்ளபடி வாசிக்கலாமா, பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லலாமா?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. தினமும் இரவில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். அச்சில் இருப்பதை அப்படியே வாசித்தால் புரியாமல் விழிக்கிறாள். பேச்சுத் தமிழில் மாற்றிச் சொன்னால் ஆசையாகக் கேட்கிறாள். ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்ப எடுத்து வருகிறாள்; பாதியில் எழுந்து ஓடவும் செய்கிறாள். "இந்த நேரத்தில் அ, ஆ சொல்லிக்கொடுத்தாலாவது பயன் உண்டு" என்கிறார் என் மாமியார். எது சரி?

பதில்: பேச்சுத் தமிழில் சொல்வதும் அச்சில் உள்ளபடி வாசிப்பதும் இரண்டுமே வேண்டும். முதலில் பேச்சில் கதையைச் சொல்லுங்கள். அதன் பிறகு அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். குழந்தைக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகப் பேச்சோடு நிறுத்திவிடாதீர்கள். பல பெற்றோர் நிறுத்துவது அங்கேதான், இழப்பும் அங்கேதான்.

தமிழ்க் குழந்தை பள்ளிக்குப் போனதும், வீட்டில் யாரும் பேசாத ஒரு மொழிவடிவத்தை எதிர்கொள்கிறது. 'வந்துட்டான்' என்று கேட்டு வளர்ந்த காது, 'வந்துவிட்டான்' என்பதைப் பாடப்புத்தகத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பாரமும் பழகாத மொழியின் பாரமும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. இரண்டாவது பாரத்தை உங்கள் குரல் முன்கூட்டியே குறைத்துவிடும்.

அரபு மொழியிலும் பேச்சுக்கும் எழுத்துக்கும் இதே போன்ற இடைவெளி உண்டு. அரபு பேசும் மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்து வழக்கிலேயே கதைகளைத் தொடர்ந்து வாசித்துக் காட்டி டீனா ஃபைட்டல்சன் குழுவினர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 1993இல் வெளியான அந்த ஆய்வில், அந்தக் குழந்தைகள் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் படத்தைப் பார்த்துத் தாங்களே கதை சொல்வதிலும் மற்றவர்களை முந்தினார்கள். "சின்னக் குழந்தைக்கு எழுத்து நடை புரியாது" என்று ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. புரியும், ஆனால் முதல் நாளே புரிந்துவிடாது.

எப்படிச் செய்வது? ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் மழையில் நனைந்த நாய்க்குட்டி ஒரு கதவருகே நிற்கிறது. கீழே, 'நாய்க்குட்டி குளிரில் நடுங்கியது. கதவு திறக்குமா என்று அண்ணாந்து பார்த்தது' என்று இருக்கிறது. முதலில் படத்தைப் பார்த்து உங்கள் வீட்டுப் பேச்சில் பேசுங்கள்: நாய்க்குட்டி எங்கே நிற்கிறது, ஏன் நனைந்திருக்கிறது? பிறகு அந்த இரண்டு வரிகளையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசியுங்கள். 'நடுங்கியது' வரும்போது உங்கள் தோள் நடுங்கட்டும். 'அண்ணாந்து' வரும்போது உங்கள் தலை நிமிரட்டும். நிறுத்திப் பொருள் விளக்க வேண்டாம். உடம்பும் படமும் குரலும் சேர்ந்து பொருளைச் சொல்லிவிடும். 'அண்ணாந்து' என்ற சொல் வீட்டுப் பேச்சில் அடிக்கடி வருவதில்லை. படப் புத்தகங்களில் பெற்றோரின் அன்றாடப் பேச்சைவிடப் பலவகையான சொற்கள் இருப்பதை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பேச்சுக்கு மாற்றும்போது நாம் இழப்பது இந்தச் சொற்களைத்தான்.

வாசித்ததும், விடை திறந்திருக்கும் ஒரு கேள்வி கேளுங்கள். கதவு திறந்தால் என்ன நடக்கும்? அவள் பேச்சுத் தமிழில்தான் பதில் சொல்வாள். அதைத் திருத்தாதீர்கள். "நாய் பாவம்" என்றால், "ஆமாம், குளிரில் நடுங்குகிற நாய்க்குட்டி, பாவம்" என்று அவள் சொன்னதையே கொஞ்சம் நீட்டித் திருப்பிக் கொடுங்கள். க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு இவ்வாறு கேட்கவும் நீட்டிச் சொல்லவும் பழக்கினார்கள். ஒரே மாதத்தில், வழக்கம்போல் வாசித்துக் காட்டிய வீட்டுக் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகளின் பேச்சுத்திறன் மேம்பட்டிருந்தது. அதற்காகப் பக்கத்துக்குப் பக்கம் "இது என்ன நிறம், எத்தனை பூ?" என்று தேர்வு வைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று பக்கங்களுக்கு ஒரு கேள்வி போதும். கதை ஓட வேண்டும்.

ஒரே புத்தகத்தைக் கேட்கிறாள் என்பது குறையே அல்ல; எனக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினரின் 2011ஆம் ஆண்டு ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினர் ஒரே கதையைப் பலமுறையும் மற்றவர்கள் வெவ்வேறு கதைகளையும் கேட்டார்கள். புதுச் சொற்கள் இரு தரப்பின் காதிலும் விழுந்தது சம அளவில்தான். அவற்றை நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் ஒரே கதையைக் கேட்டவர்கள். கதை தெரிந்துவிட்டால் கவனம் சொற்களுக்குத் திரும்புகிறது. எனவே, அவள் விடாமல் கேட்கும் அந்தப் புத்தகத்திலிருந்தே எழுத்து நடை வாசிப்பைத் தொடங்குங்கள். பேச்சு வழியாகக் கதை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். இனி அச்சில் உள்ளபடி வாசித்தால் திணற மாட்டாள். பழகிய பிறகு, வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துங்கள். 'அண்ணாந்து...' என்று நீங்கள் நிறுத்த, 'பார்த்தது' என்று அவள் முடிப்பாள். அப்போது எழுத்துத் தமிழ் அவள் வாயிலும் வந்துவிட்டது என்று பொருள்.

மாமியார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மோனிக் செனெஷால், ஜோ-ஆன் லெஃபெவ்ர் இருவரும் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், கதை வாசிப்பு சொல்வளத்தோடும், பெற்றோர் எழுத்து சொல்லிக்கொடுப்பது தொடக்க வாசிப்புத் திறனோடும் தொடர்புகொண்டிருந்தன. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்துவிடவில்லை. கதை வாசித்தாலே எழுத்து தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தையின் பார்வை பெரும்பாலும் படத்தில்தான் இருக்கும், எழுத்தில் அல்ல என்று கண்ணசைவைப் பதிவுசெய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே தலைப்பை வாசிக்கும்போது விரலை ஓட்டுங்கள். அவள் பெயரின் முதல் எழுத்து பக்கத்தில் வந்தால் காட்டுங்கள். ஒரு புத்தகத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். எழுத்துப் பாடத்துக்குப் பகலில் தனியாகச் சிறிது நேரம் ஒதுக்கலாம், அதை மாமியாரே விளையாட்டாக நடத்தலாம்.

ஆனால் கதையை நிறுத்திவிட்டு எழுத்து மட்டும் என்றால், ஒப்புக்கொள்ள மாட்டேன். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் சொன்ன கணக்கு எளிமையானது: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வரும் விடை. ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். தமிழில் 247 எழுத்துகள் கைவசமாக நாளாகும். அதுவரை மொழி வளர்ச்சி காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் ககர எழுத்து ஒன்றுதான், ஒலிப்போ வேறு வேறு. 'ப', 'ட', 'ம்' என்று தனித்தனியாகச் சொல்லிக் கூட்டும் குழந்தையின் வாயில் முதலில் வருவது 'படம்' போல ஒலிக்காது. அந்தச் சொல்லைக் காதால் அறிந்த குழந்தை ஒரு கணம் தயங்கி, "ஓ, படம்!" என்று பிடித்துக்கொள்ளும். அறியாத குழந்தைக்குப் பிடிமானம் இல்லை. எதுகையும் மோனையும் துள்ளும் பாட்டுப் புத்தகங்களையும் இடையிடையே வாசியுங்கள். படம், பழம், பணம் என்று நடு ஒலியை மாற்றி விளையாடுங்கள். சொல்லுக்குள் ஒலிகள் இருப்பதைக் காது கவனிக்கத் தொடங்கும்.

எழுந்து ஓடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான்கு வயதுக் குழந்தை நடந்துகொண்டும் கேட்கும். அந்தப் பக்கத்தை முடிக்கும் வரை வாசியுங்கள். திரும்பி வந்தால் தொடருங்கள், வராவிட்டால் மூடிவிடுங்கள். பிடித்து உட்கார வைத்து முழுப் புத்தகத்தை முடிப்பதைவிட ஐந்து நிமிட ஆசை மேலானது. ஆனால் கூப்பிட்டால் அடிக்கடி திரும்பாமல் இருந்தாலோ, அவள் பேசுவது வெளியாட்களுக்குப் பெரும்பாலும் புரியாமல் இருந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் சொல்லிக் காது கேட்கும் திறனை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். தேவைப்பட்டால் பேச்சுப் பயிற்சி நிபுணரையும் பாருங்கள். அந்த நாட்களிலும் வாசிப்பை நிறுத்த வேண்டாம்.