தனி ஆளாக இரண்டு பிள்ளைகளோடு தீம் பார்க் போகலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் விசைப்படகில் வேலை பார்க்கிறேன். மனைவி குவைத்தில் இருக்கிறார். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருக்கும்போது இரண்டு பேரையும் மதுரை அதிசயம் பார்க்குக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். மகள் ரொம்ப நாளாகக் கேட்கிறாள். கடலோரத்துப் பிள்ளைகள், தண்ணீர் பயம் கிடையாது. ஒரே ஆளாகச் சமாளிக்க முடியுமா? பெண் பிள்ளையை பாத்ரூம் கூட்டிப்போவது, உடை மாற்றிவிடுவது எல்லாம் எப்படி?

பதில்: முடியும். ஆனால் "தண்ணீர் பயம் கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்களே, என்னை யோசிக்க வைத்தது அந்த வரிதான். நீர்ப் பூங்காக்களில் உயிர்காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. குளத்தில் இறங்கும் பிள்ளைகளில் பயந்த பிள்ளை எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. அது அப்பாவின் கழுத்தை விடாது. பயமில்லாத பிள்ளை மேல்தான் கண் வைத்திருப்போம்.

உங்கள் பிள்ளைகள் பழகியது பாக் நீரிணைக் கரை. அங்கே கரையோரம் ஆழம் குறைவு, காலுக்கு அடியில் மணல் பிடி கொடுக்கும், அலை வருவது கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் நீங்கள் நின்றால் கடலின் போக்கும் உங்களுக்குத் தெரியும். பார்க்கில் இது எதுவும் இல்லை. தரை வழுக்கும் டைல்ஸ். அலைக்குளத்தில் மணியோ சைரனோ அடித்ததும் நூறு பேர் ஒரே நேரத்தில் குதிப்பார்கள். அலை வந்து பிள்ளையை அடிப்பதைவிட, அலையில் தடுமாறிய பெரியவர்கள் பிள்ளை மேல் விழுவதுதான் அதிகம். மிதக்கும் டியூப்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் அடியில் ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. பாட்டுச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது.

கூப்பிடவும் மாட்டார்கள். முங்குகிற பிள்ளை கத்தும், கையை ஆட்டும் என்று நினைக்கிறோம். தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்திலேயே இருக்கும். கைகள் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தும். மூச்சு வாங்கவே நேரம் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்? இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடிக்குள் முடிந்துவிடும். தள்ளி நின்று பார்ப்பவருக்குப் பிள்ளை விளையாடுவது போலத்தான் தோன்றும். மேடை மேல் உயிர்காப்பாளர் உட்கார்ந்திருக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது மொத்தக் குளத்தை, உங்கள் மகனை அல்ல.

அதனால் அலைக்குளம் இந்த முறை வேண்டாம். மகள் கெஞ்சினாலும் வேண்டாம். ஒரு பெரியவர், நீந்தத் தெரியாத இரண்டு பிள்ளைகள் என்றால் குழந்தைகள் குளம் மட்டும்தான். அங்கேயும் நீங்கள் கரையில் துண்டைப் போட்டு உட்காரக் கூடாது. தண்ணீருக்குள் உட்காருங்கள். குளத்தின் ஆழமான பக்கம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், பிள்ளைகள் முகத்துக்கு முன்னால். இருவரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். மகள் எழுந்து வேறு பக்கம் போனால் மூவரும் எழுந்து போக வேண்டும். கையில் மாட்டும் காற்றுப்பை, வளையம் இரண்டும் விளையாட்டுச் சாமான்கள், உயிர்காக்கும் பொருள் அல்ல. லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் எடைக்கு ஏற்றதுதானா பாருங்கள். மகனுக்குக் கால்களுக்கு நடுவே வரும் பட்டையும் மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போது ஜாக்கெட் மட்டும் கையோடு வரும்.

உடையில் ஒரு விஷயம். பருத்தித் துணியோடு குளத்தில் இறங்கப் பெரும்பாலான பார்க்குகள் விடுவதில்லை. நைலான் உடை வேண்டும். அதை வாங்கும்போது நீலம், வெள்ளை, சாம்பல் நிறங்களை ஒதுக்கிவிடுங்கள், தண்ணீருக்கு அடியில் அவை மறைந்துபோகும். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது மஞ்சளாக எடுங்கள், இரண்டு பேருக்கும் ஒரே நிறம். கூட்டத்தில் ஒரே நிறத்தைத் தேடினால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பயணம் மகளுக்காகத்தான். 3 வயதுப் பிள்ளைக்கு மதியம் தூக்கம் வந்தால் தீம் பார்க்கும் ஒன்றுதான், வீட்டுத் திண்ணையும் ஒன்றுதான். உயரக் கட்டுப்பாடு இருப்பதால் பெரும்பாலான ராட்டினங்களில் அவனை ஏற்றவும் மாட்டார்கள், அவனை விட்டுவிட்டு நீங்களும் மகளோடு ஏற முடியாது. அப்பத்தாவோ அம்மாச்சியோ ஒரு நாள் அவனைப் பார்த்துக்கொள்வார்கள் என்றால், மகளை மட்டும் கூட்டிப்போங்கள். அவளுக்கு அன்றைக்கு அப்பா முழுசாகக் கிடைப்பார். அது முடியாது, இருவரும் வந்தே ஆக வேண்டும் என்றால் நாளைத் தம்பியின் அளவுக்குச் சுருக்குங்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறுமுன் தண்ணீர் விளையாட்டு, பிறகு சாப்பாடு, நிழலில் தூக்கம், 3 மணிக்கெல்லாம் வெளியே. மகளுக்கென்று அவள் தனியாகவே ஏறக்கூடிய இரண்டு மூன்று ராட்டினங்களை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவளை ஏற்றிவிடும்போது "இறங்குகிற வழி எது?" என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். ஏறும் வாசல் ஒன்று, இறங்கும் வாசல் வேறு என்பது பல இடங்களில் வழக்கம். நீங்கள் இந்தப் பக்கம் காத்திருக்க, அவள் அந்தப் பக்கம் இறங்கி அழுதுகொண்டிருப்பாள்.

உறவில் யாராவது கூட வந்தால் நல்லதுதான். ஆனால் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் "அவர் பார்க்கிறார்" என்று இரண்டு பேருமே நினைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. "இப்ப நீ பாத்துக்க" என்று வாய்விட்டுச் சொல்லி, "சரி" என்ற பதில் காதில் விழுந்த பிறகுதான் நகர வேண்டும்.

இனி பாத்ரூம். உள்ளே நுழைந்ததும் டிக்கெட் கவுன்டரிலேயே கேளுங்கள்: மாற்றுத்திறனாளிகள் கழிப்பறையோ, குடும்பத்தோடு போகும் அறையோ இருக்கிறதா? இருந்தால் உங்கள் பிரச்சினை அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் மூவரும் சேர்ந்து ஆண்கள் கழிப்பறைக்குப் போய், கதவுள்ள ஒரு அறைக்குள் மூவரும் நுழைந்து தாழ்போடுங்கள். நெருக்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. யாராவது ஒரு மாதிரி பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். 6 வயதுப் பெண்ணைப் பெண்கள் கழிப்பறைக்குத் தனியாக அனுப்பிவிட்டு வெளியே தவிப்பதைவிட இது மேல். கூட்டம் அதிகமாகி ஆண்கள் பக்கம் நுழையவே முடியாத நிலை வந்தால், பார்க்கின் பெண் ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு வாசல்வரை துணைக்கு நிற்கச் சொல்லுங்கள், நீங்களும் அங்கேயே நின்று மகளோடு பேசிக்கொண்டே இருங்கள். மகளுக்கு அவசரம் என்றால் மகனும் கூட வர வேண்டும். "இங்கேயே நில்லு, வந்துர்றேன்" என்ற வார்த்தை அன்று முழுக்க உங்கள் வாயில் வரக் கூடாது.

உடை மாற்ற உங்கள் கைலி போதும். நைலான் உடையை ஊரிலிருந்தோ லாட்ஜிலிருந்தோ உள்ளே போட்டுக்கொண்டு வரட்டும். திரும்பும்போது மூட்டிய கைலியைத் தலைவழியாகப் போட்டுக் கழுத்தில் முடிந்துவிட்டால் கூடாரம் மாதிரி ஆகிவிடும். மகள் உள்ளே நின்று தானே மாற்றிக்கொள்வாள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் வீட்டில் ஒரு தடவை பழக்கிவிடுங்கள்.

தொலைந்துபோனால் என்ன செய்வது என்பதையும் ஊரிலேயே பேசுங்கள். மகளுக்கு உங்கள் செல் நம்பர் மனப்பாடமாக இருக்க வேண்டும், உங்கள் முழுப் பெயரும் தெரிய வேண்டும். "அப்பா" என்று கத்தினால் அங்கே ஐம்பது பேர் திரும்புவார்கள். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடைக்காரரிடமோ பிள்ளையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்ல வேண்டும். மகனுக்கு இதெல்லாம் புரியாது. அவன் கையில் அழியாத மார்க்கரால் நம்பரை எழுதுங்கள், பெயரை எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுபவரோடு பிள்ளை போய்விடும். காலையில் வாசலில் நிற்கவைத்து இருவரையும் ஒரு போட்டோ எடுங்கள், அன்றைய உடையோடு முகம் போனில் இருக்கும். ஒருவேளை ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. தின்பண்டக் கடையில் இருந்தால் இரண்டு நிமிஷம் கழித்தும் அங்கேயே இருப்பான், குளத்தில் அப்படி இல்லை. பார்த்துக்கொண்டே உயிர்காப்பாளரிடம் சத்தம் போட்டுச் சொல்லி, வாசலையும் கவனிக்கச் சொல்லுங்கள். இன்னொரு பிள்ளையின் கையை விடாமல் தேடுங்கள். உடனே கிடைக்கவில்லை என்றால் 112-க்கு அடிக்கத் தயங்க வேண்டாம். குழந்தைகளுக்கான 1098-ம் இருக்கிறது.

எந்த நாள்? தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மே மாதம் கோடை விடுமுறைக் கூட்டமும் அக்னி நட்சத்திரமும் சேர்ந்தே வரும். ஜூனில் பள்ளி திறந்த பிறகும் பெரும்பாலும் தடைக்காலத்தில் சில நாள் மிச்சமிருக்கும். அதில் ஒரு செவ்வாய், புதன் பார்த்து மகளுக்கு ஒரு நாள் லீவு சொல்லுங்கள். ஆசிரியர்கள் என்னைத் திட்டலாம். ஆனால் பாதிக் கூட்டம் என்பது தனி ஆளுக்குப் பாதி ஆபத்து.

ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டாம். ராமேஸ்வரம் தீவிலிருந்து மதுரைக்கு 160 கிலோமீட்டருக்கு மேல், ஒரு வழிக்கே நாலு மணி நேரம் பிடிக்கும். முந்தின நாள் போய் மதுரையில் தங்குங்கள், பார்க் போன அன்றிரவும் அங்கேயே தங்கி மறுநாள் திரும்புங்கள். பஸ்ஸைவிட ரயில் நல்லது, கழிப்பறை இருக்கிறது, பிள்ளை எழுந்து நடக்கலாம். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ராமேஸ்வரத்திலேயே ஏறிக்கொள்ளலாம். முன்பதிவில்லாத பெட்டியில் மகனுக்கு டிக்கெட் வேண்டாம், மகளுக்கு அரை டிக்கெட். பார்க் ஊருக்கு வெளியே திண்டுக்கல் சாலையில், பரவை பக்கம். ஜங்ஷனிலிருந்து ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், பிள்ளைகளோடு இரண்டு பஸ் மாற வேண்டாம். வெளிச்சாப்பாடு உள்ளே விடுவார்களா, சின்னப் பிள்ளைக்குப் பால், சோறு கொண்டுபோகலாமா என்பதை முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். ரப்பர் செருப்பு, தொப்பி, ஓஆர்எஸ் பாக்கெட் பையில் இருக்கட்டும்.

அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை. உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரைக்கு மூவரும் தனியாக ஒரு அரை நாள் போய் வாருங்கள். உடை மாற்றுவது, பாத்ரூம், சாப்பாடு எல்லாம் யார் உதவியும் இல்லாமல் நடக்கட்டும். எங்கே சிக்குகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மனைவிக்கு வீடியோ கால் போடுவதைச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், குளத்தில் போன் பையை விட்டு வெளியே வரக் கூடாது. யாராவது தண்ணீர் குடித்து இருமி எழுந்திருந்தால் அன்றிரவு கவனியுங்கள். இருமல் நிற்காமல் தொடர்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தாலோ காலைவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி கிடைக்காவிட்டால் 108. மதுரையில் இரண்டாவது இரவும் தங்கிவிட்டு மறுநாள் ரயில் ஏறச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.