வெளியூர்ல இருந்து சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவங்க ஊர்ப் பொதுக் காரியத்துல எங்க இருந்து ஆரம்பிக்கலாம்? (கன்னியாகுமரி மாவட்டம்)

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமா இதுதான்: பத்து வருஷம் சென்னையில கம்ப்யூட்டர் வேலை, இப்ப வீட்டுல இருந்தே பாக்கலாம்னு ஆனதும் நாகர்கோவில் பக்கம் சொந்த ஊருக்கு வந்துட்டார், இன்னார் பையன்னு தெரியுமே தவிர யாரோடயும் பழக்கம் இல்ல. கட்சி வேண்டாம், சாதிச் சங்கம் வேண்டாம், ஆனா ஊர் காரியத்துல கலந்துக்கணும், எப்படி?

நானும் இதே மாதிரி வந்து இறங்கினவதான் தம்பி. மஸ்கட்ல 11 வருஷம் நர்ஸா இருந்துட்டு 2021 கடைசியில தக்கலை பக்கம் எங்க ஊருக்கு வந்தேன். முதல் ஆறு மாசம் சாயக்கடை முன்னால நடந்து போனா எல்லாரும் பாப்பாங்க, யாரும் பேச மாட்டாங்க. அதனால நீங்க சொல்ற அந்தத் தனிமை எனக்கு நல்லா தெரியும், அதுக்காகத்தான் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. நீங்க இருக்கறது கிராமப் பஞ்சாயத்தா, பேரூராட்சியா, நாகர்கோவில் மாநகராட்சி எல்லைக்குள்ள வருதா? நம்ம மாவட்டத்துல கிராமப் பஞ்சாயத்து 95தான், பேரூராட்சி அம்பதை ஒட்டி இருக்கு. பாக்க ரப்பர் தோட்டமும் வாழைத்தோப்புமா தனி கிராமம் மாதிரி இருக்கும், ஆனா ஆபீஸ் போர்டுல பேரூராட்சின்னு எழுதியிருக்கும். இது ஏன் முக்கியம்னா கிராம சபை நடக்கறது கிராமப் பஞ்சாயத்துல மட்டும்தான். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்கெல்லாம் 2022-ல இருந்து வார்டு குழு, பகுதி சபைன்னு வந்திருக்கு, முதல் பகுதி சபை கூட்டம் அந்த வருஷம் நவம்பர் 1-ந் தேதி நடந்துச்சு, கவுன்சிலர்தான் நடத்துவார். இது இருக்கறதே பாதிப் பேருக்குத் தெரியாது, அதனால உங்க வார்டு கவுன்சிலர்ட்ட "நம்ம பகுதி சபை எப்போ"ன்னு நேரா கேளுங்க, கேக்க ஆள் இருந்தாதான் நடக்கும்.

கிராமப் பஞ்சாயத்துன்னா ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இது போக 2022-ல சேர்த்த மார்ச் 22, நவம்பர் 1, ஆக வருஷத்துக்கு ஆறு கூட்டம். நவம்பர் 1-ஐ மாநிலம் முழுக்க உள்ளாட்சி தினம்னு சொல்றாங்க, நமக்கு அது 1956-ல திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து தமிழ்நாட்டோட சேர்ந்த நாளும்தான், அன்னைக்குக் கூட்டத்துல போய் உக்காரும்போது எனக்கு மனசு ஒரு மாதிரி நிறைஞ்சு போகும். அந்த ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்க கிராம சபை உறுப்பினர், யாரும் உங்களை அழைக்கணும்னு இல்ல. உங்க பேர் இன்னும் சென்னையிலதான் இருக்கும், முதல்ல படிவம் 8 கொடுத்து அதை ஊருக்கு மாத்துங்க.

நான் முதல்ல போனது 2022 மே 1. சமுதாய நலக்கூடத்துல பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தாங்க. வாசல்ல ஒரு நோட்டு, வர்றவங்க அதுல ஒப்பு, அதான் கையெழுத்து, போடணும். எங்க மாதிரி 3,001-ல இருந்து 10,000 பேர் வரை உள்ள பஞ்சாயத்துக்கு 200 பேர் வந்தாதான் கூட்டம் செல்லும். அதனால நூறு நாள் வேலைக்குப் போற அக்காமாரெல்லாம் கூட்டமா வந்து ஒப்பு போட்டுட்டு, வெயில் ஏறும் முன்ன வீட்டுக்குப் போயிட்டாங்க, அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், அவங்க பேசினதை இதுக்கு முன்ன யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தா உக்காந்திருப்பாங்க. வரவு செலவு கணக்கு வாசிச்சாங்க, வேகமா. நான் எந்திரிச்சு எங்க குளத்தைப் பத்திக் கேட்டேன், படித்துறை இடிஞ்சு கிடக்கு, குளம் முழுக்க ஆகாயத்தாமரை, சின்ன வயசுல நான் நீச்சல் படிச்ச குளம் அது. "பாக்கலாம்மா"ன்னாங்க. நான் உக்காரப் போனேன், பக்கத்துல இருந்த ஒரு பாட்டி என் சேலைத் தலைப்பைப் பிடிச்சு இழுத்து, "உக்காராதட்டி மக்ளே, எழுதச் சொல்லு. எழுதலேன்னா பேசினதெல்லாம் காத்தோட போச்சு"ன்னாங்க. நான் மறுபடி நின்னு தீர்மானமா எழுதுங்கன்னேன். எழுதினாங்க, நம்பர் போட்டு. இன்னைக்கு வரைக்கும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததுல இதைவிடப் பெரிய பாடம் இல்ல.

ஆகஸ்ட் 15 கூட்டத்துல பதில் வந்துச்சு, அந்தக் குளம் பஞ்சாயத்தோடது இல்ல, நீர்வளத் துறையோடதுன்னு. இதை முதல்லயே நான் பாத்திருக்கணும். விஏஓ ஆபீஸ்ல அ-பதிவேடு இருக்கும், குளமோ ஓடையோ புறம்போக்கோ எந்த சர்வே நம்பர், என்ன வகைன்னு அதுல தெரியும், நம்ம பக்கம் ஒரே ஊர்ல ஒரு குளம் பஞ்சாயத்துக்கு, அடுத்த குளம் நீர்வளத் துறைக்கு, தெப்பக்குளம் கோயிலுக்குன்னு இருக்கும், ஆள் தெரியாம மனு கொடுத்தா அது ஆபீஸ் ஆபீஸா சுத்தி வரும். தீர்மான நகல் கேட்டேன், இழுத்தடிச்சாங்க, தகவல் உரிமைச் சட்டத்துல பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன், சட்டப்படி 30 நாள்ல பதில் தரணும், வந்துச்சு. அதை மனுவோட சேர்த்து திங்கக்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள்ல கொடுத்தேன். மனு எண் போட்டு ரசீது தருவாங்க, அதைப் பத்திரமா வச்சிருங்க, அப்புறம் எந்த ஆபீஸ்ல போய்க் கேட்டாலும் அந்த எண்ணைத்தான் முதல்ல கேப்பாங்க.

படித்துறைக்கு எஸ்டிமேட் போடறாங்கன்னு பதில் வந்த சமயத்துல, ஐப்பசி மழைக்கு முன்ன ஆகாயத்தாமரையையாவது நாமளே வாருவோம்னு எங்க ஊர் ஸ்போர்ட்ஸ் கிளப் பசங்க சொன்னாங்க. துறை ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு, மெஷின் இல்லாம கையால மட்டும்னு சொல்லி ஞாயித்துக்கிழமை இறங்கினோம். முதல் வாரம் 23 பேர், ரெண்டாவது வாரம் 9 பேர், மனசு விட்டுப் போச்சு, மூணாவது வாரம் பழைய ஆள் ஒரு பாட்டா (தாத்தா) வந்து கரையில நின்னு பாத்துட்டு, "அள்ளி அள்ளிப் போட்டா ஒரு வருசம் ஆகும் மக்கா, வடத்தைக் கட்டி ஒதுக்குங்கலே"ன்னார். வடம் இழுக்கற போட்டிக்கு வச்சிருந்த பெரிய வடத்தை எடுத்து ரெண்டு கரையிலயும் பத்து பத்து பேர் பிடிச்சு அப்படியே மேலாக்க இழுத்துக்கிட்டே நடந்தோம், பாய் சுருட்டற மாதிரி மொத்தமும் ஒரு மூலைக்கு வந்துச்சு. அந்தக் கறுப்புத் தண்ணியில வெயில் விழுந்ததைப் பாத்து கரையில நின்ன பிள்ளைங்க கத்தினது இன்னும் காதுல இருக்கு. வாரினதைக் கரையிலயே விட்டா மழைக்கு மறுபடி உள்ள போயிடும், அதனால டெம்போ வச்சு தென்னை மூட்டுக்குக் கொண்டு போட்டாங்க, மூடாக்குக்கு நல்லது.

இதுல நான் தண்ணிக்குள்ள இறங்கவே இல்ல. பாட்டில் துண்டு குத்தி ரெண்டு பேருக்குக் கால் கிழிஞ்சுது, கழுவி கட்டு போட்டு, டிடி ஊசிக்கு அனுப்பி வச்சேன், அவ்வளவுதான். அடுத்த வாரத்துல இருந்து சாயக்கடை முன்னால போனா "நர்ஸக்கா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க.

நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான். போன உடனே யோசனை சொல்லாதீங்க, பொறுப்பு கேக்காதீங்க, உங்க கையில இருக்கற ஒரு தொழிலைக் கொண்டு போய் ஊருக்கு நடுவுல வைங்க. உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடத் தெரியாம எத்தனை பேர் அலையறாங்க தெரியுமா, 18 ஆன பிள்ளைங்களுக்கு ஓட்டர் லிஸ்ட்ல சேர படிவம் 6, மனு டைப் அடிக்கறது, போட்ட மனு எந்த நிலையில இருக்குன்னு பாத்துச் சொல்றது, இதெல்லாம் வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் நூலகத்துலயோ கிளப்புலயோ உக்காந்து செஞ்சு பாருங்க, மூணு மாசத்துல உங்களை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்காது.

கிளப்புன்னதும் லேசா நினைக்காதீங்க. நம்ம மாவட்டத்துல முக்குக்கு முக்கு ஒரு ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் உண்டு, ஓணம், பொங்கலுக்கு உறியடி, வழுக்கு மரம், சாக்கு ஓட்டம்னு நடத்துவாங்க. கட்சி, சாதி இல்லாம நுழையணும்னா நான் பாத்தவரை இதுதான் நல்ல வாசல், அதுலயும் எல்லாரும் சேர்ந்து இருக்கற கிளப்பா பாத்துச் சேருங்க, சிலது பேர்தான் கிளப், உள்ள ஒரே ஆளுங்களா இருக்கும். ஆண்டு விழாவுக்கு ரெண்டு வாரம் முன்னாடி போய் ரசீது புக் வாங்கி நாலு முடுக்கு (சந்து) வசூலுக்குப் போங்க, ஒவ்வொரு வீட்டுப் படியிலயும் நின்னு பேசின மாதிரி ஆச்சு.

திருவிழாவையும் விட்டுடாதீங்க. நான் சர்ச்சுக்குப் போறவ, ஆனா சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் நடக்கும்போது எங்க கிளப் பசங்களோட மேலாங்கோடு பக்கம் ரோட்டோரம் நிப்பேன். முஞ்சிறை திருமலையில தொடங்கி திருநட்டாலம் வரை 12 கோயில், கையில பனையோலை விசிறியோட "கோவிந்தா கோபாலா"ன்னு ராத்திரி பகலா ஓடி வருவாங்க, தார் ரோட்டுச் சூட்டுல உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். பசங்க மோரும் சுக்குத் தண்ணியும் கொடுப்பாங்க, நான் கால் கழுவி மருந்து போடுவேன். 1982-ல மண்டைக்காட்டுல நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை எங்க அம்மா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவ நான், அதனால இந்த ரோட்டோர வேலையை நான் சும்மா சேவைன்னு நினைக்கறது இல்ல, ஒருத்தர் காலை ஒருத்தர் தொட்டுக் கழுவின ஊர்ல வதந்தி அவ்வளவு லேசா வேலை செய்யாது.

கடற்கரைப் பக்கம் உங்களுக்குச் சொந்தம் இருந்தா அங்க சர்ச்சோட அக்கம்பக்கத்து வீட்டுக் குழுவான அன்பியம், பங்கு மக்களோட பங்குப் பேரவை எல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்ப கடலுக்குப் போனவங்க எத்தனை பேருன்னு அரசாங்கக் கணக்குக்கும் ஊர்க் கணக்குக்கும் ஒத்து வரல. எந்த வீட்டுல யாரு, எந்தப் படகுல போனாங்கன்னு பேர் பேரா எழுதி வச்சிருந்தது ஊர்க்காரங்கதான். அந்த மாதிரி ஒரு லிஸ்ட் நம்ம ஊர்லயும் இருக்கணும், படுக்கையில இருக்கறவங்க, தனியா இருக்கற வயசானவங்க, டயாலிசிஸ் போறவங்க. நாங்க எங்க வார்டுக்கு ஒரு நோட்டு வச்சிருக்கோம்.

கூட்டம், பேச்சு எல்லாம் உங்களுக்கு ஒத்து வரலேன்னா ஜனவரியில பறவைக் கணக்கெடுப்புக்குப் போங்க. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-ல ராம்சார்ங்கற உலக அளவிலான முக்கிய ஈரநிலப் பட்டியல்ல சேர்ந்துச்சு, வனத்துறை கணக்கெடுக்கும்போது தன்னார்வலர்களையும் சேத்துப்பாங்க, பொங்கல் லீவுல பறவைகளைப் பதியற இ-பேர்ட் ஆப்ல 15 நிமிஷம் நின்னு எண்ணிப் போட்டாலே கணக்குல சேரும். ரத்தம் கொடுக்க முடியும்னா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ரத்த வங்கியில பேர் கொடுத்து வைங்க, ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம், பிரசவ வார்டுல வேலை பாத்தவ சொல்றேன், ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஒரு யூனிட் இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் உள்ள வித்தியாசம் பெரிசு. பிள்ளைங்க அரசுப் பள்ளியில படிச்சா பள்ளி மேலாண்மைக் குழுவுல பெற்றோருக்குத்தான் இடம் அதிகம், அதையும் விடாதீங்க.

எங்க படித்துறை பாதி கட்டியிருக்காங்க, தெக்குப் பக்கம் இன்னும் பாக்கி, ஆகாயத்தாமரையும் வருஷா வருஷம் வரத்தான் செய்யுது, நாங்களும் வருஷா வருஷம் வடத்தை எடுக்கறோம். 2025 ஜனவரியில பஞ்சாயத்துத் தலைவர், உறுப்பினர் பதவிக்காலம் முடிஞ்சு அவங்களுக்குப் பதிலா அரசாங்கம் போட்ட தனி அலுவலர் வந்த பிறகு இனி யார்ட்ட கேக்கன்னு நிறைய பேர் கூட்டத்துக்கு வர்றதை நிறுத்திட்டாங்க, ஆனா கிராம சபை இருக்கத்தான் செய்யுது, தீர்மானமும் எழுதலாம்.

என் சேலையைப் பிடிச்சு இழுத்த பாட்டிக்கு இப்போ முட்டு வலி, நடக்க முடியல. போன கூட்டத்துக்கு ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போனேன். அவங்க முடுக்குல தெருவிளக்கு எரியலையாம், எந்திரிச்சு நிக்க முடியாம உக்காந்த இடத்துல இருந்தே கையைத் தூக்கிக் கேட்டாங்க, கேட்டு முடிச்சதும் மேசைப் பக்கம் பாத்து, "எழுதியாச்சா?"ன்னாங்க.